சொனி ஏ7சி: கூத்துக் களரிக்கு ஓம், கலியாண வீட்டுக்கு யோசிக்கணும்

முடிவ முதல்லயே சொல்லிடுறன், வாசிக்க நேரமில்லாத ஆக்கள் இதோட போயித்து வரலாம். சொனி ஏ7சி எண்டது சனத்துக்குள்ள நிண்டு படம் எடுக்கிறவனுக்கான கமரா. கோயில் திருவிழா, கூத்து, சந்தை, வாவிக்கரை, பஸ் பயணம், இதுகளுக்கு செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கிற விலைக்கு இதவிட நல்லது எண்டு நான் வேற ஒண்டையும் சொல்ல மாட்டன். ஆனா கலியாண வீட்டுக்கு இது ஒண்ட மட்டும் தூக்கிக்கொண்டு போவம் எண்டு நினைக்கிற ஆக்கள் கொஞ்சம் பொறுங்க, மிச்சத்தையும் வாசிங்க. இந்தக் கமராவச் சின்னதாக்கிறதுக்கு சொனி எங்கெங்க வெட்டிக் குறைச்சிரிக்கு எண்டு பாத்தா, எல்லாம் நம்மட கண்ணும் பெருவிரலும் போற இடங்கள்தான். வாற படத்தில ஒரு குறையும் இல்ல, எடுக்கிறவன்ட வசதியிலதான் கை வெச்சிரிக்கு.

2020 செப்டெம்பர்ல வந்த சாமான் இது, அதால புதுசு எண்டு ஆரும் ஏமாந்திராதீங்க. 24.2 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவு) சென்சர், சொனிட பெரிய பொடியான ஏ7 III பாவிச்ச ஆக்களுக்கு இந்தப் படத்திட குணம் நல்லாத் தெரியும். பற்றரி, காட் எல்லாம் போட்டு 509 கிராம். ஏ7 III அதே மாதிரி நிறுத்தா 650 கிராம் வரும். இன்னொண்டு சொன்னா இன்னும் வடிவா விளங்கும், ஏபிஎஸ்-சி எண்ட சின்னச் சென்சர் போட்ட சொனி ஏ6600 503 கிராம், அதாவது ஆறே ஆறு கிராம் கூட, ஆனா சென்சர்ட பரப்பு ரெண்டு மடங்குக்கும் மேல. அதுக்குள்ளயே அஞ்சு அச்சு ஸ்டெபிலைசேஷனும் (கை நடுக்கத்த அடக்கிற வித்தை) வெச்சிரிக்கு. வந்த நேரத்தில உள்ளுக்க ஸ்டெபிலைசேஷன் இரிக்கிற ஃபுல் ஃபிரேமுகளுக்குள்ள உலகத்திலயே சின்னது இதுதான் எண்டு சொனி விளம்பரம் போட்டது.

விலையப் பத்திக் கதைக்காம இஞ்ச ஒரு கமராவப் பத்தியும் கதைக்க ஏலாது. வந்த நேரம் பொடி (லென்ஸ் இல்லாத வெறும் கமரா) மட்டும் 1799 டொலர். டொலர் 200 ரூவா நிண்ட காலத்தில அது மூண்டு லட்சத்து அறுவதாயிரம், 2022ல ரூவாவ மிதக்க விட்டு 360க்கு ஏறின நேரம் அதே கமரா ஆறரை லட்சத்துக்குக் கிட்ட, இது கடைக்காரன்ட லாபமும் வரியும் சேர்க்காம வெறும் கணக்கு. அந்த நேரம் புதுக் கமரா வாங்கிற நினைப்பையே கனபேர் விட்டுப்போட்டாங்க. இப்ப நம்மட மட்டக்களப்புப் பக்கம் பொடியனுகள்ட கையில கிடக்கிற ஏ7சிகள் கூடுதலா கைமாறி வந்ததுகள்தான், எண்ட கமராவும் அப்பிடித்தான். அதனால நான் சொல்றது எல்லாம் பழசு வாங்கிற ஆக்களுக்குத்தான் கூடப் பொருந்தும்.

சரி, சின்னக் கமரா எண்டா என்ன பிரயோசனம்? பாரம் குறைவு எண்டுதான் எல்லாரும் முதல்ல சொல்லுவாங்க. அது பாதி உண்மைதான், ஏனெண்டா பாரத்த முடிவெடுக்கிறது பொடி இல்ல, லென்ஸ். இதோட சேர்த்து வந்த 28-60 லென்ஸ் 167 கிராம், ரெண்டும் சேர்ந்து 700 கிராமுக்கு உள்ளுக்க. அதே பொடியில பழைய 24-70 ஜிமாஸ்டர் எண்ட சொனிட பெரிய லென்ஸப் பூட்டுங்க, லென்ஸ் மட்டுமே 886 கிராம், முன்பக்கம் சரிஞ்சி தொங்கும், கையில பிடிக்கிற மேடும் சின்னது எண்டதால கொஞ்ச நேரத்தில மணிக்கட்டு உளையும், சுண்டுவிரலுக்கு இடமே இரிக்காது, அது கீழால தொங்கிக்கொண்டு நிக்கும். பெரிய லென்ஸ்தான் வேணும் எண்டா பெரிய பொடியே வாங்குங்க மச்சான், என்னத்துக்கு இத வாங்கி அதுக்குக் கீழ இன்னொரு பிடி வாங்கிப் பூட்டி மறுகா பெரிசாக்கிறது. இதுக்குப் பொருத்தம் 35 எஃப்1.8 (280 கிராம்), அல்லது சொனிட 24, 40, 50 எண்டு வந்த சின்ன ஜி லென்ஸுகள், ஒவ்வொண்டும் 160க்கும் 175க்கும் இடையில. சூம் வேணும் எண்டா டாம்ரன் 28-75ட முதல் பதிப்பு 550 கிராம், அதுதான் எல்லை, அதுக்கு மேல போகக்கூடா.

உண்மையான பிரயோசனம் வேற இடத்தில இரிக்கு. நம்மட கோயிலுகள்ல ஆம்பிளையள் சட்டை கழட்டித்துத்தான் உள்ளுக்க போகணும், வேட்டி மட்டும்தான், பொக்கெற் ஒண்டும் இல்ல, வேர்த்த கழுத்தில பட்டி கிடந்து அறுக்கும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துத் தீர்த்தக் குளத்துக்குப் பக்கத்தில, கொக்கட்டிச்சோலைத் தேர் இழுக்கக்குள்ள வடத்துக்குப் பக்கத்தில, இப்பிடியான இடத்தில பெரிய கமராவத் தூக்கினா ரெண்டு காரியம் நடக்கும். சனம் விலகி வழி விடும், இல்லாட்டி கமராவப் பாத்துச் சிரிச்சிக்கொண்டு நிக்கும். ரெண்டுமே படத்தக் கெடுக்கும். ஏ7சியத் தூக்கினா ஒருத்தரும் கணக்கெடுக்கிறல்ல, வெளிநாட்டில இருந்து லீவுக்கு வந்த ஆரோ குடும்பப் படம் எடுக்கிறான் எண்டு நினைச்சித்து அவங்கட பாட்டுக்கு அரோகரா சொல்லிக்கொண்டு போவாங்க. (மூலஸ்தானப் பக்கம் திருப்பாதீங்க, கேக்காம எடுக்காதீங்க, அது கமரா சின்னதோ பெரிசோ ஒண்டுதான்.)

இனிக் கூத்து. இந்தக் கமராட திறமை நல்லாத் தெரியவாற இடம் வட்டக்களரி, அதாவது கூத்து ஆடுற வட்ட மேடை. விடிய விடிய நடக்கிற வடமோடிக் கூத்து ஒண்ட நினைச்சிப் பாருங்க. சுத்திவர சனம், நடுவில களரி, அண்ணாவியார் மத்தளத்தோட நிக்கிறார், பக்கத்தில சல்லரி (தாளம்), வரவு ஆட்டம் தொடங்கினா கரப்புடுப்பு விரிஞ்சி ஆள் பம்பரமாச் சுத்துவார். வெளிச்சம் எண்டு கிடக்கிறது நாலு மூலையில கட்டின லைற்றுகள், ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் பச்சை அடிக்கிற வெள்ளை. அதுக்குள்ள 35 லென்ஸ எஃப்1.8ல (துவாரத்த முழுசாத் திறந்து) விட்டுத்து, ஷட்டர் செக்கன்ல 250ல ஒண்டு, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 6400, இதுதான் நான் வழக்கமா வெக்கிறது. சுழலுற உடுப்பு கொஞ்சம் கலங்கும், முகம் நிண்டுரும். 6400ல வாற மணல் மணலான இரைச்சல் பேப்பர்ல அடிச்சா ஒண்டும் தெரியா, 12800க்கும் பயமில்லாமப் போகலாம், அதுக்கு மேல முடி (கிரீடம்), மாலையில இரிக்கிற மணிகள்ட விபரம் உருகத் தொடங்கும், சிவப்புத் துணி மடிப்பெல்லாம் ஒரே தட்டையாப் போயிரும்.

ஃபோகஸ்தான் என்ன உண்மையிலயே அசத்தினது. கண்ணப் பிடிக்கிற ஃபோகஸ் முகத்துக்கு அரிதாரம் பூசி, பெரிய முடி வெச்சி, மீசை வரைஞ்ச ஆளையும் பிடிக்குது, திரும்பி முதுகக் காட்டினா முதுகோட போய், மறுகா முகம் வரக்குள்ள திரும்பக் கண்ணுக்கு வருது. எஃப்2 லென்ஸ் கணக்கில மைனஸ் 4 ஈவி வரைக்கும், அதாவது நல்ல இருட்டிலயும், ஃபோகஸ் பிடிக்கும் எண்டு சொனி எழுதியிரிக்கு, வைகாசிக் கண்ணகி அம்மன் குளிர்த்தி இரவில வெளிச்சம் குறைஞ்ச மூலையில நிண்ட ஆக்களையும் பிடிச்சது, ஆனா ரெண்டு பேர் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் நிண்டு ஆடினா எவரப் பிடிக்கிறது எண்டு அதுக்கே குழப்பம், அப்ப நாமதான் சொல்லிக் குடுக்கணும், அந்தச் சொல்லிக் குடுக்கிற இடத்திலதான் பிரச்சினையே இரிக்கு, அதுக்கு வாறன்.

கூத்தில இன்னொரு வசதி திரும்புற ஸ்கிரீன். வட்டக்களரிக்கு நாலு பக்கமும் சனம் பாயில இரிக்கும், நாம எழும்பி நிண்டா பின்னால இரிக்கிற பெத்தாமார் பேசுவாங்க, அதுவும் சும்மா பேச்சு இல்ல. நிலத்தோட நிலமா இரிந்து, ஸ்கிரீன வெளிய இழுத்து மேல பாக்கத் திருப்பி, கமராவ மடியில வெச்சி எடுக்கலாம். ஆட்டக்காரர்ட கால் சதங்கையில இருந்து தலைக் கிரீடம் வரைக்கும் அந்தக் கோணத்தில வாற கம்பீரம் எழும்பி நிண்டு எடுத்தா வரா. பற்றரியும் விடியும் வரைக்கும் நிக்கும். எஃப்இசட்100 எண்ட பெரிய பற்றரியத்தான் இந்தச் சின்னப் பொடிக்குள்ளயும் போட்டிரிக்கு, ஸ்கிரீனப் பாத்து எடுத்தா 740 படம், வ்யூஃபைண்டரால (கண்ண வெச்சிப் பாக்கிற துவாரம்) எடுத்தா 680 எண்டு கம்பெனி கணக்கு, தொடரா அடிச்சா அதவிட எவ்வளவோ கூட வரும். சாச்சர் வேற கொண்டு திரியத் தேவல்ல, யூஎஸ்பி-சி வயர் போதும், பவர் பேங்க்ல குத்திப்போட்டு பஸ்ஸில நித்திரை கொள்ளலாம்.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் இரிக்கு எண்டு ஆசைப்பட்டுக் களரியிலயோ மேடையிலயோ அத இழுக்காதீங்க. இந்தச் சென்சர் வாசிக்கிறது மெதுவு, நம்மட கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைற்று செக்கனுக்கு 100 தரம் மினுங்கும், படத்தில குறுக்கால கறுப்புக் கறுப்பாப் பட்டி விழும், சுத்துற கம்பு வளைஞ்சி கிடக்கும். சாதாரண ஷட்டரப் பாவிங்க, மெனுவில மினுக்கத்தத் தடுக்கிற தெரிவு ஒண்டு கிடக்கு, அதப் போட்டு வெச்சா படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுற தொல்லையும் குறையும். ஷட்டர் சத்தமும் அப்பிடி ஒண்டும் பெரிசில்ல, மத்தளத்துக்கு முன்னால ஆருக்குக் கேக்கப்போகுது.

இனிப் பேசுறன். முதல் ஏச்சு வ்யூஃபைண்டருக்கு. 23.6 லட்சம் புள்ளி எண்டு கேக்க நல்லாத்தான் இரிக்கும், ஆனா பெருக்கம் 0.59. ஏ7 IIIல 0.78. அதப் பாவிச்ச கண்ணால இதுக்குள்ள பாத்தா சாவித்துவாரத்தால எட்டிப் பாக்கிற மாதிரி. கண்ணாடி போடுற ஆக்களுக்கு இன்னும் கரைச்சல், ஓரம் தெரியா, கண்ண அங்கால இஞ்சால அசைச்சித்தான் நாலு மூலையும் பாக்கணும். கல்லடிக் கடற்கரையில மத்தியான வெயில்ல ஸ்கிரீன் ஒண்டும் தெரியா (9 லட்சத்துச் சொச்சம் புள்ளிதான், பிரகாசமும் அப்பிடித்தான்), அப்ப அந்தச் சின்னத் துவாரம்தான் கதி. ஒரே ஒரு நல்லது, துவாரம் இடப்பக்க மூலையில கிடக்கிறதால வலக்கண்ணால பாக்கிற ஆக்களுக்கு மூக்கு ஸ்கிரீன்ல அழுந்தா.

ரெண்டாவது, ஜோய்ஸ்டிக் இல்ல. முன்பக்கச் சில்லும் இல்ல. இது கடையில வெச்சிப் பாக்கக்குள்ள விளங்கா, வேலையில நிக்கக்குள்ளதான் விளங்கும். தாலி கட்டுற நேரத்த எடுங்க. மாப்பிள்ளைட கை மணப்பெண்ட கழுத்துக்குப் பின்னால போகுது, ஃபோகஸ் முகத்தில கிடக்கு, நமக்கு முடிச்சுப் போடுற விரல் வேணும். ஜோய்ஸ்டிக் உள்ள கமராவில கண்ண எடுக்காமப் பெருவிரலால ஒரு தட்டு. ஏ7சியில கண்ணத் துவாரத்தில வெச்சித்து, பெருவிரல நீட்டி ஸ்கிரீன்ல தடவிப் புள்ளிய இழுக்கணும், பிடி சின்னது எண்டதால விரல நீட்டினா பிடி தளரும், மற்றக் கையால லென்ஸத் தாங்கணும், வேர்த்த விரல் வழுக்கும், அதுக்குள்ள நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் முடிச்சிருவார். ஸ்கிரீனத் திருப்பி உள்ளுக்க மூடி வெச்சிரிந்தா அந்தத் தடவலும் இல்ல, பின்னால இரிக்கிற வட்டச் சில்லத்தான் அமத்தணும். இதுக்குப் பரிகாரம் இல்லாம இல்ல, புள்ளிய நடுவில வெச்சி, பிடிச்சி, தொடர விட்டுத்து ஃபிரேம மாத்துறது, ஃபோகஸ் தொடர்ற வேலை நல்லாச் செய்யிறதால பத்துக்கு எட்டு நேரம் சரிவரும். மிச்ச ரெண்டு நேரம்தான் பிரச்சினை, வீட்டுக்காரர் அந்த ரெண்டத்தான் அல்பத்தில தேடுவாங்க.

மெனுவும் பழைய சொனி மெனு. பக்கம் பக்கமாப் போகும், எது எங்க கிடக்கு எண்டு தேடியே களைச்சிருவீங்க, தொட்டுத் தெரிவு செய்யவும் ஏலா, தொடுகை ஃபோகஸுக்கு மட்டும்தான். எஃப்என் பட்டனில தேவையான பன்னிரண்டையும் ஒருக்கா ஒழுங்காப் போட்டு வெச்சித்து மெனுப் பக்கமே போகாம இரிக்கிறதுதான் நிம்மதி.

ஒரே ஒரு எஸ்டி காட் போடுற இடம். இதத்தான் கலியாண வீட்டுக்காரங்க முதல்ல யோசிக்கணும். திருவிழாப் படம் போனா அடுத்த வருசம் திருவிழா வரும், சாமத்திய வீட்டையும் தாலியையும் திரும்ப எடுக்க ஏலுமா. ரெண்டு காட்டில ஒரே நேரத்தில எழுதுற கமரா இரிக்கக்குள்ள, அடுத்தவன்ட காசு வாங்கிப்போட்டு ஒரு காட்ட நம்பி நிக்கிறது எனக்குச் சரியாப் படல்ல. கூட இன்னொருத்தர் ரெண்டு காட் கமராவோட நிண்டா, ரெண்டாவது ஆள்ட கையில இது இரிக்கலாம், அதுக்கு இது தங்கமான கமரா, ஆக்கள் அறியாம வீட்டுக்குள்ள நடக்கிறது, குசினிப் பக்கம், பெரியம்மாமார் பூமாலை கட்டுறது எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வரும்.

ஃபிளாஷ் அடிக்கிற ஆக்களுக்கும் ஒரு குறை, ஷட்டரோட சேருற வேகம் 160ல ஒண்டுதான், ஏ7 IIIல 250. பகல் வெளிச்சத்தில வெளிய வெச்சி ஃபிளாஷோட எடுக்கிற ஆக்களுக்கு இது இடிக்கும். சாதாரண ஷட்டரும் 4000ல ஒண்டோட நிண்டுரும். பாசிக்குடா மத்தியான வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப்1.8 எண்டு திறந்தா கிட்டத்தட்ட 8000ல ஒண்டு வேணும், அப்ப ஒண்டில் எஃப்2.8க்கு மூடணும், இல்லாட்டி கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் போடணும். முன்திரை எலெக்ட்ரானிக் மட்டும்தான் எண்டதால பெரிய துவாரத்தில கூடின வேகம் வெச்சா பின்னால கலங்கிற வெளிச்ச வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட மாதிரி வரும், கவனிச்சிப் பாக்கிற கண்ணுக்குத்தான் தெரியும், ஆனா தெரிஞ்சா மறுகா அதுதான் தெரிஞ்சிக்கொண்டே இரிக்கும்.

இன்னொரு குறை கமராவில இல்ல, நம்மட சனத்துக்கிட்ட. கலியாண வீட்டு வாசல்ல இதோட போய் நிண்டா, "என்ன தம்பி, பெரிய கமரா கொண்டு வரல்லயா?" எண்டு மணப்பெண்ட மாமா கேப்பார். காசு குடுக்கிறவர் அவர், பதில் சொல்லித்தான் ஆகணும். ஃபுல் ஃபிரேம் எண்டு அவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நிக்க ஏலுமா. நான் அறிஞ்ச ஒரு பொடியன் 35 லென்ஸுக்குப் பெரிய ஹூட் ஒண்டு மாட்டி, மேல மைக் ஒண்டும் குத்தித்துப் போறவன், போட்டோதான் எடுக்கப் போறான், மைக்ல வேலை ஒண்டும் இல்ல. அதோட மரியாதை வந்திட்டு எண்டு சொல்றான்.

வீடியோவுக்கு: 4கே 25 ஃபிரேம்ல முழுச் சென்சரையும் 6கேயாப் பிடிச்சி இறக்கித் தருது, நல்ல கூர்மை. ஷட்டர 50ல ஒண்டு வெச்சா நம்மட கரண்டோட ஒத்துப்போய் மினுக்கம் வரா, இத மாத்தி 30 ஃபிரேம், 60ல ஒண்டு எண்டு வெச்சிப்போட்டு மண்டபத்து லைற்றக் குறை சொல்லாதீங்க. மேடைக்குப் பின்னால இப்ப எல்லா இடமும் எல்ஈடி திரை போடுறாங்க, அதுக்கு ஷட்டரக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாத்துத்தான் கோடு போகுதா எண்டு பாக்கணும். நிறம் 8 பிட்தான், நிறப்படிகள் குறைவு. எஸ்-லொக்ல (பிறகு நிறம் மாத்துறதுக்கெண்டு மங்கலாப் பதியிற முறை) எடுத்துக் கணினியில இழுத்தா வாவிக்கு மேல விடியக்காலை வானத்தில நிறம் படிப்படியா உடையும், அதுக்கு எச்எல்ஜி எண்ட மற்றப் பதிவு முறையில எடுத்தா தப்பலாம், இல்லாட்டி சாதாரண நிறத்திலயே சரியா எடுங்க. 4கேயில 60 ஃபிரேம் இல்ல, மெதுவா ஓடுறது வேணும் எண்டா ஃபுல் எச்டியில 120. அறுகம்பையில சேர்ஃபிங் எடுக்கிற ஆக்களுக்கு இது போதாது எண்டுதான் நான் சொல்லுவன், ஃபோட்டோவுக்கு எண்டா செக்கனுக்கு 10 படம் தாராளம். மைக், ஹெட்ஃபோன் ரெண்டு துளையும் இரிக்கு, இந்தச் சைஸில அது பெரிய விசயம்.

சூடு எப்பிடி எண்டு எல்லாரும் கேக்கிறது. அரை மணித்தியாலத்தோட நிப்பாட்டுற கட்டுப்பாடு இதில இல்ல. மெனுவில சூட்டில தானா அணையிற அளவ "ஹை" எண்டு மாத்தி, ஸ்கிரீன வெளிய இழுத்து வெச்சா மண்டபத்துக்குள்ள நிண்டு ஓடும். ஆனா கச்சான் (தென்மேல்) காத்து வீசுற ஆடி மாசத்தில நேர வெயில்ல ஸ்டாண்டில விட்டா எந்தக் கமராவும் முறையிடும், ஒரு துணி போட்டு நிழல் குடுங்க. கச்சான் நேரத்தில இன்னொரு கவனம், லென்ஸக் கழட்டினா சென்சர் அப்பிடியே வாயத் திறந்துகொண்டு கிடக்கும், அந்தப் புழுதியும் உப்பு மணலும் நேரா அதுக்குள்ளதான் போகும். கடற்கரையில லென்ஸ் மாத்தாதீங்க. தூசு, ஈரம் கொஞ்சம் தாங்கும் எண்டு சொனி சொன்னாலும் மாரி மழைக்கு அதெல்லாம் வேலைக்காகா, ஒரு பொலித்தீன் பை எப்பவும் இரிக்கட்டும். வீட்டில சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டி கட்டாயம், நம்மட வாவிக்கரை ஈரத்துக்கு அலுமாரியில கிடந்த லென்ஸெல்லாம் பங்கஸ் பிடிச்சிப் போன கதை எத்தினை.

குருவி எடுக்கிற ஆக்களுக்கு ரெண்டு வரி. மனிசர், நாய், பூனைட கண்ணப் பிடிக்கும், குருவிட கண்ணப் பிடிக்கிற வித்தை இந்தக் கமராவுக்குத் தெரியா. குமண குருவிச் சரணாலயத்துக்குப் போறதுக்கெண்டு 200-600 லென்ஸ வாங்கினா அதுவே ரெண்டு கிலோவுக்கு மேல, அந்த லென்ஸ்ட வாலில இந்தப் பொடி தொங்கிறதப் பாத்தா உங்களுக்கே சிரிப்பு வரும்.

மத்தக் கமராக்கள்? 2023ல வந்த ஏ7சி II 514 கிராம், அதாவது அஞ்சு கிராம்தான் கூட, 33 மெகாபிக்சல், 10 பிட் வீடியோ, 4கே 60 (சென்சர்ட நடுப்பகுதிய மட்டும் எடுக்கும்), வ்யூஃபைண்டர் 0.70, முன்பக்கச் சில்லு வந்திட்டு, குருவிக் கண்ணும் பிடிக்கும், ஸ்டெபிலைசேஷனும் முன்னேற்றம். கேட்டா எல்லாம் நான் மேல பேசின பேச்சுக்குப் பதில் மாதிரித்தான் இரிக்கு. ஆனா ஜோய்ஸ்டிக் இன்னும் இல்ல, காட் இன்னும் ஒண்டுதான், ஷட்டர் இன்னும் 4000தான், பற்றரியும் 500 சொச்சத்துக்கு இறங்கிட்டு, வந்த விலை 2199 டொலர். வீடியோதான் உங்கட தொழில் எண்டா கடன்பட்டாலும் அதுக்குப் போங்க, போட்டோ மட்டும் எண்டா அந்த வித்தியாசக் காசுக்கு 35 லென்ஸ் வாங்கலாம். கெனன் ஆர்8 461 கிராம், 4கே 60 முழு அகலத்தில, ஆனா உள்ளுக்க ஸ்டெபிலைசேஷன் இல்ல, பற்றரி சின்னது, கூத்து இரவுக்கு மூண்டு நாலு கொண்டு போகணும். பனசொனிக் எஸ்9ல வ்யூஃபைண்டரே இல்ல, சாதாரண ஷட்டரும் இல்ல, நம்மட லைற்றுகளுக்குக் கீழ அது சரிவரா. கலியாணம்தான் சோறு போடுது எண்டா நிக்கொன் இசட்5 பாருங்க, 675 கிராம், பாரம்தான், ஆனா ரெண்டு காட், ஜோய்ஸ்டிக், பெரிய வ்யூஃபைண்டர். ஃபோகஸ் மட்டும் ஏ7சிக்குக் கிட்ட வரா.

பழசு வாங்கப் போறீங்க எண்டா கமராவ ஓன் பண்ணி முதல்ல மெனுவத் திறந்து மொழிய மாத்தச் சொல்லிப் பாருங்க. ஜப்பானுக்கெண்டு செஞ்ச சொனிப் பொடிகள்ல ஜப்பான் மொழி மட்டும்தான் வரும், அத மாத்தேலா, விலை குறைவா இரிக்கிறதுக்குக் காரணம் கனதரம் அதுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணனுக்குக் கொழும்பில ஒரு கடையில "அப்டேட் போட்டா இங்கிலீஸ் வரும்" எண்டு சொல்லிக் குடுத்துவிட்டிரிக்காங்க, அவர் இன்னும் படத்தப் பாத்துப் படத்தப் பாத்துத்தான் மெனு அமத்துறார். மறுகா ஸ்கிரீன வெளிய இழுத்து நாலு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலயும் படம் வெட்டுதா எண்டு பாருங்க, திரும்புற ஸ்கிரீன்ல வயர் போற மூட்டுத்தான் முதல்ல தேயும். லென்ஸ எஃப்16ல வெச்சி வெள்ளச் சுவர் ஒண்ட எடுத்தாச் சென்சர்ல உள்ள தூசு தெரியும். இடப்பக்க மூடிகள் இறுக்கமா மூடுதா, பற்றரி சொனிட சொந்தமா எண்டு பாருங்க, எஃப்இசட்100ல போலி நிறைய ஓடுது. ரோவில (கமரா மெருகூட்டாத மூலப் பதிவு) சும்மா தொடரா அடிச்சி, காட்டக் கணினியில போட்டு ரெண்டு படத்த முழுசாப் பெருப்பிச்சிப் பாத்துத்துக் காசக் குடுங்க. 28-60 லென்ஸும் சேர்த்துத் தந்தா வேணாம் எண்டு சொல்லாதீங்க, அது கையால சுத்தித் திறந்தாத்தான் வேலை செய்யும், இருட்டுக்கு உதவா, ஆனா பகல்ல வாவிக்கரையால நடக்கக்குள்ள எண்ட கமராவில கூடுதலா கிடக்கிறது அதுதான்.